டியோடினல் அல்சருக்கு டிசபிலிட்டி பென்ஷன் மறுப்பு: அப்பீல் போட்டால் பயன் உண்டா?

கேள்வி, 17 பிப்ரவரி 2024

அனைவருக்கும் வணக்கம். 31.8.2023 அன்று ஹவில்தாராக ரிட்டயர் ஆனேன். ரிலீஸ் மெடிக்கல் போர்டில் (வெளியே வரும்போது உடம்பைப் பரிசோதிக்கும் டாக்டர் குழு) டியோடினல் அல்சர், அதாவது முன்சிறுகுடல் புண், ஊனம் 20 சதவீதம், ஆயுளுக்கும் என்று போட்டார்கள். ஆனால் ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று நவம்பர் கடைசியில் கடிதம் வந்தது. கை கால் போனவனுக்குத்தான் கொடுப்பார்கள், வயிற்று வலிக்கெல்லாம் கிடையாது என்கிறார்கள் ஊரில். அப்பீல் போடலாமா, வேண்டாமா?

18 பிப்ரவரி 2024

தம்பி, ஊரில் சொல்பவர்கள் கடிதத்தைப் படித்துவிட்டா சொன்னார்கள்? கை கால் என்று எந்த விதியிலும் இல்லை. இரண்டு விஷயம்தான் வேண்டும். ஊனம் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் அதிகமாகியிருக்க வேண்டும். முதல் பாதியை போர்டே உங்களுக்குக் கொடுத்துவிட்டது. சண்டை இரண்டாவது பாதியில், அதுவும் ஒரே ஒரு கட்டத்தில். அந்த "அல்லது" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பணியால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாத இடத்தில், பணியால் அதிகமானது என்பது மட்டும் போதும்.

கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். உங்களுக்கு மே வரை நேரம் இருக்கிறது, ஆனால் மே வரை உட்காராதீர்கள். முதல் வேலையாக மெடிக்கல் போர்டு பேப்பர் முழுவதையும் வாங்குங்கள். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்ற படிவம். இல்லையென்றால் ரெக்கார்டு ஆபிஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். மறுப்புக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அப்பீல் எழுதாதீர்கள். கடிதத்தில் காரணம் இருக்காது. காரணம் போர்டு பேப்பரில்தான் இருக்கும்.

18 பிப்ரவரி, இரவு

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவர் யார் வக்கீலா என்று கேட்பீர்கள். நான் ஏ.எஸ்.சி. (ராணுவத்தின் சரக்கு, போக்குவரத்துப் பிரிவு) டிரைவர். ஜம்மு ஸ்ரீநகர் சாலையில் கன்வாய். அதிகாலையில் பூரியும் உருளைக்கிழங்கும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். ராம்பன் பக்கம் மலை சரிந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும், அந்தப் பொட்டலம் மதியத்துக்கும் அதுதான், ராத்திரிக்கும் அதுதான். நடு இரவில் மேல் வயிற்றைப் பிசையும். இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கும். சாப்பிட்டால் அடங்குகிற வலி சிறுகுடல் புண்ணின் லட்சணம் என்று பல வருஷம் கழித்துத்தான் டாக்டர் சொன்னார். அன்றைக்கு பசி என்றே நினைத்தோம். எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் மருத்துவ அறை) வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், சப்பினோம், போனோம்.

அப்புறம் வடக்கே ஒரு பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது சண்டைப் பகுதி அல்லாத முகாமுக்குப் போஸ்டிங். அங்கே ரத்தமாக வாந்தி எடுத்த பிறகுதான் ராணுவ ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி. நோய் கண்ட இடம் என்று பேப்பரில் ஏறியது அந்த பீஸ் ஸ்டேஷன் பெயர். 2006ல் வெளியே வரும்போது அதே வரிதான் என் கழுத்தைப் பிடித்தது.

20 பிப்ரவரி

பேப்பர் ஏற்கெனவே கையில் இருக்கிறதாம், காரணக் கட்டத்தை எழுதி அனுப்பியிருக்கிறார் தம்பி. நான் நினைத்ததேதான். நோய் பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, ஃபீல்டு (முன்னணிப் பகுதி), உயர்மலைப் பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி ஆகியவற்றோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை என்று அர்த்தம் வரும் ஒரு வரி. ரத்த அழுத்தத்துக்கும் இதுதான், சர்க்கரைக்கும் இதுதான், குடல் புண்ணுக்கும் இதுதான்.

இந்த வரியை உடைப்பதுதான் உங்கள் அப்பீல். நோய் தொடங்கிய தேதியும் நோய் கண்டுபிடித்த தேதியும் வேறு வேறு. எண்டோஸ்கோப்பி மெஷின் மலை உச்சியில் இருக்காது, பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி பீஸ் ஸ்டேஷனில்தான் இருக்கும். அப்படியானால் எல்லோருடைய அல்சரும் பீஸ் ஸ்டேஷனில்தானே "தொடங்கும்"?

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த இடம், அது ஃபீல்டா பீஸா, அந்தக் காலத்தில் வயிற்றுக்காக எங்கே காட்டினீர்கள். போஸ்டிங் விவரம் உங்கள் ரெக்கார்டிலேயே இருக்கிறது. பக்கத்திலேயே எண்டோஸ்கோப்பி தேதி. ஃபீல்டிலிருந்து இறங்கி எத்தனை மாதத்தில் கண்டுபிடித்தார்கள் என்று படிப்பவர் கண்ணில் தானாகப் பட வேண்டும்.

20 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

பீஸ் ஸ்டேஷன் என்றால் ஓய்வு விடுதி இல்லை என்பதையும் ஒரு பாராவில் எழுதுங்கள். பி.டி., பயிற்சி, கார்டு டியூட்டி எல்லாம் அங்கேயும்தான். ஆயுதப்படைத் தீர்ப்பாய உத்தரவுகள் பலவற்றில் இந்த வாதத்தை ஏற்றிருக்கிறார்கள். ஆனால் இதை முதல் வாதமாக வைக்க வேண்டாம், துணைக்கு வையுங்கள்.

22 பிப்ரவரி

"எம்.ஐ. ரூம் ரெஜிஸ்டர் இப்போது எங்கே கிடைக்கும்" என்று கேட்ட திருநெல்வேலிக்காரருக்கு: பெரும்பாலும் கிடைக்காது. யூனிட் இடம் மாறும்போதே பழைய பேப்பரெல்லாம் போய்விடும். அதனால்தான் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் ஸ்லிப்பைப் பொன்னாகப் பார்க்கச் சொல்வது. அதில் நோய் வரலாறு என்று ஒரு பகுதி இருக்கும். "இரண்டு வருஷமாக வலி இருந்துவருகிறது" என்று நோயாளி சொன்னதை அன்றைய டாக்டர் தன் கையால் குறித்திருப்பார். உங்களுக்குப் பென்ஷன் கேட்கும் எண்ணமே இல்லாத காலத்தில், பென்ஷனைப் பற்றி யோசிக்காத ஒரு டாக்டர் எழுதியது. நீங்கள் இப்போது எழுதும் பத்துப் பக்கத்தைவிட அந்த ஒரு வரிக்கு எடை அதிகம். என்னைக் காப்பாற்றியது அப்படி ஒரு வரிதான்.

25 பிப்ரவரி

சட்டம் பற்றிக் கேட்டிருந்தார்கள். நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

டிசபிலிட்டி பென்ஷனுக்கு யாருக்குத் தகுதி என்று சொல்லும் விதிகளில் எது பொருந்தும் என்பது வெளியே வந்த தேதியைப் பொறுத்தது. என் போல 2008க்கு முன் வந்தவர்களுக்கு 1982 விதிகள். 1.1.2008க்குப் பின் வந்தவர்களுக்கு 2008 விதிகள். 21 செப்டம்பர் 2023 முதல் புது விதிகள், அதில் பெயர்களே மாறிவிட்டன. தம்பி மூன்று வாரத்தில் தப்பினார், அவருக்கு 2008 விதிகள்தான்.

1982 விதிகளின் சாரம் இது. சேரும்போது உடம்பில் குறை எதுவும் எழுதப்படவில்லை என்றால் ஆள் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பாரம் சிப்பாய் மேல் கிடையாது. சந்தேகம் இருந்தால் பலன் அவருக்கு. தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அவருக்கு வந்தது வலிப்பு நோய். சேரும்போதே கண்டுபிடித்திருக்க முடியாது என்று போர்டு சொல்ல விரும்பினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும், காரணம் இல்லாத முடிவு செல்லாது என்பதுதான் தீர்ப்பின் உயிர். வயிற்று நோய்க்காரர்கள் நோயின் பெயரைப் பார்த்துவிட்டு இந்தத் தீர்ப்பை ஒதுக்கிவிடுகிறார்கள். நோய் எதுவானாலும் வாதம் அதேதான்.

2008 விதிகள் கொஞ்சம் இறுக்கம். சர்வீஸில் நோய் தெரிந்தது என்பதாலேயே சர்வீஸால் வந்தது என்று ஆகிவிடாது என்று வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். நிரூபிக்கும் பாரம் சாதாரணமாக சிப்பாய் மேல் இல்லை என்பது மட்டும் அதிலும் இருக்கிறது. வெளியே வந்து 15 வருஷம் கழித்து, பேப்பரெல்லாம் அழிந்த பிறகு கேட்டால்தான் பாரம் நம் தலையில். அதனால் தம்பி தரம்வீர் சிங் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட முடியாது. தேதி அட்டவணை கட்டாயம்.

26 பிப்ரவரி

ஒன்று விட்டுப்போனது, வயிற்றுக்காரர்களுக்கு முக்கியமானது. 1982 விதிகளின் இணைப்பில் நோய்களை வகை பிரித்திருக்கிறார்கள். தட்பவெப்பத்தால் பாதிக்கப்படுபவை, மன அழுத்தத்தால் பாதிக்கப்படுபவை என்று போகும். அதில் "உணவுக் கட்டாயங்களால்" பாதிக்கப்படும் நோய்கள் என்றே தனியாக ஒரு வகை. மஞ்சள் காமாலை, இரைப்பை மற்றும் முன்சிறுகுடல் நோய்கள், குடல் புழு, கேஸ்ட்ரைட்டிஸ், டின் உணவால் வரும் ஃபுட் பாய்சன், கேஸ்ட்ரிக் அல்சர், டியோடினல் அல்சர். நம் நோய் பெயர் சொல்லி உட்கார்ந்திருக்கிறது. லங்கரில் (யூனிட் சமையற்கூடம்) போடுவதைத்தான் தின்ன வேண்டும், போடும் நேரத்தில்தான் தின்ன வேண்டும், போடாவிட்டால் தின்ன முடியாது என்பதை அமைச்சகமே ஒப்புக்கொண்டு எழுதி வைத்தது.

இதைப் பார்த்ததும் "2008க்குப் பின் வந்தவருக்கு இது எப்படிச் செல்லும்" என்று சுபேதார் ஐயா ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. விதியாகக் காட்ட வேண்டாம், சாட்சியாகக் காட்டலாம் என்பது என் கருத்து. தேதி மாறியதால் லங்கர் மாறவில்லையே.

2 மார்ச்

தம்பியின் பயாப்சி ரிப்போர்ட்டில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமி பாசிட்டிவ். "கிருமியால் வந்த நோய், ராணுவத்துக்குச் சம்பந்தம் இல்லை" என்று அப்பீலைத் தட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்.

தட்டப் பார்ப்பார்கள். அதனால் நாமே முந்திக்கொண்டு எழுத வேண்டும். குடல் புண்ணுக்கு மன அழுத்தமும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற டாக்டர் 1984ல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து கேஸ்ட்ரைட்டிஸை வரவழைத்துக் காட்டினார். 2005ல் அவருக்கும், கூட ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல். அதனால் "காரமான சாப்பாட்டால் அல்சர் வந்தது" என்று அப்பீலில் தயவுசெய்து எழுதாதீர்கள், குடல் மருத்துவர் ஒருவர் படித்தால் அங்கேயே மூடிவிடுவார்.

ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது? நெருக்கமாக வாழும் இடத்தில், அசுத்தமான தண்ணீரில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது அது. பாரக்கில் வரிசையாகப் படுத்து, ஒரே டேங்க் தண்ணீரைக் குடித்து, ஒரே பாத்திரத்தில் கழுவித் தின்றவர்கள் நாம். சின்ன வயதிலேயே தொற்றியிருக்கும் என்று போர்டு திருப்பிச் சொல்லலாம். இந்தியாவில் நிறையப் பேர் வயிற்றில் அது இருக்கிறது என்பதும் உண்மை. அப்போது நம் பதில், கிருமி இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை, எனக்குப் புண்ணாக்கியது என்ன என்று போர்டு காரணம் எழுதட்டும் என்பது. வந்தது என்பதை விட்டு, அதிகமானது என்பதற்கு நகர்ந்துவிடுங்கள்.

3 மார்ச்

புரூஃபென்! இதை எப்படி விட்டேன். புண்ணுக்கு இரண்டாவது பெரிய காரணம் வலி மாத்திரை. முட்டி வலியா, இடுப்பு வலியா, ரூட் மார்ச் முடிந்து கால் வீக்கமா, எல்லாவற்றுக்கும் எம்.ஐ. ரூமில் புரூஃபென் அல்லது டைக்ளோஃபெனாக். முட்டிக்காகவோ முதுகுக்காகவோ சிகிச்சை எடுத்த பேப்பர் இருந்தால் அதையும் வயிற்று அப்பீலோடு சேருங்கள். டியூட்டியில் அடிபட்ட முட்டி, முட்டிக்கு அரசாங்கம் கொடுத்த மாத்திரை, மாத்திரையால் புண். இதைவிட நேரான வழி இல்லை.

5 மார்ச்

"போர்டில் பீடி பிடிப்பேன், ரம் குடிப்பேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்" என்று ஒருவர். அளவுக்கு மீறிய மது, புகையிலையால் வந்த ஊனத்துக்கு இழப்பீடு இல்லை என்று விதியில் இருப்பது உண்மைதான். ஆனால் அளவுக்கு மீறிய என்பதுதான் அங்கே கேள்வி. ரேஷனில் ரம்மை அளந்து ஊற்றியது யார் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் அப்பீலில் கேட்காதீர்கள். போர்டு அந்தக் காரணத்தைக் கட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுதவில்லை என்றால் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

9 மார்ச்

அமெரிக்க ராணுவத்தில் மருமகன் இருக்கும் அண்ணன் ஒருவர், அங்கே எப்படி என்று எழுதியிருந்தார். 1990 ஆகஸ்டுக்குப் பின் வளைகுடாப் பகுதியில் பணி செய்தவருக்கு ஐ.பி.எஸ். (பரிசோதனையில் புண் எதுவும் தெரியாமல் வயிற்று வலியும் பேதியும் மலச்சிக்கலும் தரும் நோய்) மாதிரியான குடல் கோளாறு இருந்தால் அது பணியால் வந்தது என்றே வைத்துக்கொள்வார்களாம். மறுத்தால் ஒரு வருஷம் டைம். புது ஆதாரம் கொடுக்கலாம், மூத்த அதிகாரியை மறுபடி பார்க்கச் சொல்லலாம், மேல் போர்டுக்கு நேராகப் போகலாம், மூன்றில் எது வேண்டுமோ அது. நம்மிடம் ஐ.பி.எஸ். என்றால் போர்டே சிரிக்கும். எண்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியாத நோய்க்கு இங்கே வாதாடுவது கஷ்டம்தான். பொறாமையோடு அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

17 மார்ச்

அசிடிட்டி, நெஞ்செரிச்சல் நோய்க்கு 15 சதவீதம் போட்டிருக்கிறார்கள், சுக்விந்தர் சிங் தீர்ப்பு உதவுமா என்று கேட்ட கோவைக்காரருக்கு. 2014ல் வந்த அந்தத் தீர்ப்பு, நோய் காரணமாகப் பாதியில் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு. உடம்பு முடியாது என்று ராணுவமே அனுப்பினால் ஊனம் 20க்குக் குறைவு என்று சொல்ல முடியாது என்பது அதன் வாதம். நீங்கள் முழு சர்வீஸ் முடித்து வந்தவர். உங்கள் சண்டை வேறு, சதவீதத்தையே எதிர்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால் கஷ்டம். வேறு நோயும் போர்டில் இருக்கிறதா? இருந்தால் கூட்டுச் சதவீதம் என்ன என்று பாருங்கள்.

6 ஏப்ரல்

காசு கணக்கு. தெரியாமல் ஏமாறுகிறார்கள், அதனால் எழுதுகிறேன். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அளவு. கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 40,000 என்று வையுங்கள். 100க்கு 12,000. உங்கள் 20க்கு 2,400. ஆனால் 50க்குக் கீழே இருப்பதை 50 ஆக உயர்த்த வேண்டும், 50 முதல் 75 வரை இருந்தால் 75, அதற்கு மேல் 100. அப்போது 2,400 என்பது 6,000 ஆகும், அகவிலைப்படி தனி. இந்த உயர்த்தல் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். சர்வீஸ் முடித்தவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அப்பீலின் கடைசியில் இதையும் கேளுங்கள். கேட்காததைத் தானாகக் கொடுக்கும் ஆபிஸை நான் பார்த்ததில்லை.

அரியரில் பாதி கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டுகளுக்குக் கதவைத் திறக்காதீர்கள். முதல் அப்பீலை நீங்களே எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அனுப்பும் முறையைக் கேட்கலாம்.

11 மே

சகோதரி ஒருவர் கேட்டது. கணவருக்கும் இதே நோய், இதே மறுப்பு. அப்பீல் போடாமலே 2021ல் இறந்துவிட்டார். இனி கேட்க முடியுமா?

கேட்கலாம் அம்மா. அவர் உயிரோடு இருந்த காலத்துக்கு வர வேண்டிய பாக்கியை வாரிசாக நீங்கள் கேட்கலாம். குடும்பப் பென்ஷன் வேறு கணக்கு, அதைத் தொட மாட்டார்கள். ஆனால் தாமதம் ஒரு பெரிய வெட்டு. தர்செம் சிங் வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, வழக்குப் போட்ட தேதிக்கு முந்திய மூன்று வருஷ அரியர் மட்டும் என்று நிறுத்துவது வழக்கம். எனக்கும் அப்படித்தான் வெட்டினார்கள், 2006 முதல் வர வேண்டியதில் பெரிய பகுதி போனது. உங்கள் விஷயத்தில் மூன்று வருஷம் என்பது அவர் இறந்த தேதியோடு மோதுகிறது. இதற்கு நேரில் வக்கீலைப் பாருங்கள், இங்கே என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

13 மே

தம்பி ஏப்ரலிலேயே அப்பீலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டாராம். நாலு பக்கம், அட்டவணை, டிஸ்சார்ஜ் ஸ்லிப் நகல். எனக்கு அனுப்பிய வரைவில் குடும்பக் கஷ்டம், மகள் படிப்பு எல்லாம் ஒரு பக்கம் இருந்தது. எடுக்கச் சொன்னேன், கோபித்துக்கொண்டார், அப்புறம் எடுத்துவிட்டார். அப்பீலைப் பார்க்கும் கமிட்டி மனிதாபிமானத்துக்கு உட்கார்ந்ததில்லை.

2 அக்டோபர்

பதில் வரவில்லையாம். அப்பீல் போட்டு ஆறு மாதம் ஆகியும் முடிவு வராவிட்டால், உள் வழிகளை முடித்ததாகவே கொண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்கான 2007 சட்டத்தின் 21ஆம் பிரிவு. தமிழ்நாட்டுக்கு சென்னை அமர்வு. அதற்குப் பின்னும் வழி இருக்கிறது. தீர்ப்பாய உத்தரவை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு எதிர்க்கலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஜெயித்தால் எதிர்த்தரப்பும் அங்கே போகலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

8 டிசம்பர்

முதல் அப்பீல் தள்ளுபடி. காரணம் பழைய வரியேதான், அட்டவணையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தம்பி மனம் உடைந்து எழுதியிருக்கிறார். எனக்கு என்னவோ இது மோசமான செய்தியாகப் படவில்லை. தேதியும் ஆஸ்பத்திரிக் குறிப்பும் வைத்து எழுதிய வாதத்துக்குப் பதிலே சொல்லாத உத்தரவு தீர்ப்பாயத்தில் நிற்பது கஷ்டம். அட்டவணையை நிராகரித்துக் காரணம் எழுதியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

இரண்டாவது அப்பீலா, தீர்ப்பாயமா? இரண்டாவது அப்பீலுக்கும் ஆறு மாதம். நான் இரண்டாவதையும் போடச் சொல்வேன், செலவு தபால் காசுதான். நேராகத் தீர்ப்பாயம் என்றால், உள் வழியை முடிக்கவில்லையே என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வாய்தா வாங்குவார்.

15 டிசம்பர்

அல்சரேட்டிவ் கொலைடிஸ் பற்றிக் கேட்ட ஓசூர்க்காரருக்கு. இது நோய் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கும் நோய், அல்சர் என்ற பெயர் ஒட்டியிருந்தாலும் இங்கே எழுதிய கிருமி வாதமும் புரூஃபென் வாதமும் அப்படியே பொருந்தாது. பணியால் வந்தது என்பதை விட்டுவிடுங்கள். முதல் தாக்கம் எப்போது, அதன் பிறகு எந்தப் போஸ்டிங்கில் எத்தனை முறை அட்மிட் ஆனீர்கள், லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல்தகுதி குறைவு என்று வகைப்படுத்தப்பட்ட நிலையில்) இருக்கும்போதே ஃபீல்டுக்கு அனுப்பினார்களா என்று தேடுங்கள். அனுப்பியிருந்தால் அந்த ஆர்டரின் நகல்தான் உங்கள் அப்பீலின் முதல் பக்கம். போர்டு பேப்பர் கைக்கு வந்ததும் காரணக் கட்டத்தை இங்கே அப்படியே எழுதுங்கள், பெயரையும் ஆர்மி நம்பரையும் மறைத்துவிட்டு.